சந்தா ரசீதின் அடிக்கட்டை: ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் ஏழு பெண்களின் கிராஜுவிட்டி வழக்கு

சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டம், தொழிற்சங்கம், ஆட்கள் எவர் பெயரும் இங்கே இல்லை. சங்கத்தின் சேலம் அலுவலகத்தில் வழக்குத் தாள்களைப் பார்த்துக்கொண்டவன் நான். எனவே சங்கத்தின் பக்கம் இருந்துதான் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இன்னொன்று. இதில் வரும் சட்டப் பிரிவுகள் எல்லாம் பழைய சட்டங்களில் உள்ளவை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. கிராஜுவிட்டியில், அதாவது வேலையை விட்டு நிற்கும்போது தரும் பணிக்கொடையில், ஆண்டுக்கு 15 நாள் கூலி, பருவகால நிறுவனத்தில் பருவத்துக்கு 7 நாள் கூலி என்ற கணக்கு அங்கும் தொடர்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கும்.

பின்னணி

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே ஏற்காட்டுக்குக் காப்பி வந்துவிட்டது. இந்தத் தோட்டம் அவ்வளவு பழையதல்ல, பெரியதும் அல்ல. 5 ஹெக்டேர் நிலமும் 15 ஆட்களும் இருந்தால் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பொருந்தும். இங்கே இரண்டும் தாராளமாகவே இருந்தன.

ஆட்கள் இரண்டு வகை. தோட்டத்தின் ஆள் பதிவேடான செக்ரோலில் பேர் உள்ள நிரந்தர ஆட்களுக்கு பி.எஃப்., லீவு சம்பளம், கம்பளி எல்லாம் உண்டு. டெம்பரவரி ஆட்களின் பேரைத் தோட்டக் கணக்கரான ரைட்டர் தனி நோட்டில் எழுதுவார். நாள் கூலியோடு சரி. வேலையில் மட்டும் வித்தியாசம் கிடையாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பு. அது முடியும் முன்பே மிளகு, அப்புறம் கவாத்து என்று சொல்லும் செடி வெட்டிவிடும் வேலை. மழைக்கு முன் சில்வர் ஓக் மரங்களில் கிளை கழிப்பு, உரம். ஜூன் பிறந்தால் களை. ஒரே வரிசையில், ஒரே மேஸ்திரிக்குக் கீழே இரண்டு வகை ஆட்களும் நின்றார்கள்.

ஏழு பெண்களும் டெம்பரவரி. ஐந்து பேர் தோட்டத்து லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். மற்ற இருவரும் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து நடந்து வருபவர்கள், சொந்த வீடும் கொஞ்சம் காடும் உள்ளவர்கள். இந்த வித்தியாசம் பின்னால் பெரிதாக வந்து நின்றது.

சங்கத்தில் கிடைத்ததும், கடுப்பானதும்

தொடக்கத்தில் நிரந்தர ஆட்களுக்கு மட்டுமே இருந்த சங்கம், பிறகு டெம்பரவரிகளையும் சேர்த்துக்கொண்டது. சந்தா மாதம் பத்து ரூபாய், பின்னாளில் இருபது. சம்பள நாளன்று, காசு கொடுக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கவாத்து வேலை செய்யும் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

சங்கத்தால் என்ன கிடைத்தது என்று அந்தப் பெண்களிடம் கேட்டால் போனஸைத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். சட்டப்படி 8.33 சதவீதம் குறைந்தபட்ச போனஸ். சங்கம் பேசி அதற்கு மேல் கொஞ்சம் வாங்கிக் கொடுத்திருந்தது, அதுவும் தீபாவளிக்கு முன்பே. ஆனால் எல்லோரும் முதலில் சொன்னது தராசை. பழப் பறிப்புக் காலத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் எடை போடும்போது சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் ரைட்டர் மனசுக்குத் தோன்றியதைக் கழிப்பார். சங்கம் வந்த பிறகு தராசுக்குப் பக்கத்தில் ஒரு சங்க ஆள் நிற்பது வழக்கமாயிற்று. வெறும் சாக்கை முதலில் தூக்கி எடை பார்த்து, அதை மட்டும் கழிக்கச் சொன்னார்கள். "நம்ம ஆளு ஒருத்தர் அங்க நிக்கிறதே போதுமுங்க, அதுக்கே காசு கட்டலாம்" என்றார் ஒரு அம்மா.

கடுப்புகளும் குறைவில்லை. சேலத்துத் தலைவர்கள் போனஸ் பேச்சுக்கு மலையேறுவார்கள். மற்ற மாதங்களில் போனில் பிடிப்பதே பாடு. மாநாடு என்றால் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அன்றைய கூலி போய்விடும். கமிட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் நிரந்தர ஆண்கள். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் டெம்பரவரி. ஆனால் கமிட்டியில் ஒருத்தர்கூட இல்லை. கட்சிச் சண்டையில் நடுவில் ஒரு முறை சங்கம் இரண்டாகி, ஒரு வருடம் போல யாரிடம் சந்தா கட்டுவது என்றே தெரியாமல் கிடந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. தொழில் தகராறுகள் சட்டத்தின்படி தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்று பார்க்காது. 18(3)-ஆம் பிரிவுப்படி தோட்டத்தின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். வெயிலில் நின்று கோஷம் போட்டவருக்கும், வீட்டில் இருந்தவருக்கும் ஒரே கூலி உயர்வு. சட்டம் அப்படி இருப்பது சரி என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் சங்கத்தில் சேராத ஆளைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்வார்கள். ஆனால் சந்தா வாங்கப் போகிறவருக்கு அதை விளக்குவது சிரமம். "கட்டாதவளுக்கும் அதே போனஸ்தானே, அப்புறம் நான் எதுக்குக் கட்டணும்?" என்று ஏழு பேரில் ஒருவர் கேட்டார். கேட்டதோடு ஆறு ஆண்டுகள் சந்தா கட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

வேலை நின்றது

2019-இல் பழப் பறிப்பு முடிந்த கையோடு, ஐம்பத்தெட்டு வயது முடிந்தவர்கள் அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று ரைட்டர் சொன்னார். அதே வயதில் நின்ற நிரந்தர ஆட்களுக்கு கிராஜுவிட்டி காசோலை வந்தது. இந்த ஏழு பேருக்கும் ஆளுக்கொரு சேலை, கவரில் ஐயாயிரம் ரூபாய், பிறகு ஒரு தாளில் கையெழுத்து. 'வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை' என்பது தாளில் இருந்த வாசகம். நான்கு பேர் கைநாட்டு வைத்தவர்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. இருபது வருஷத்துக்கு மேல் உழைத்திருக்கிறோம், சர்வீஸ் பணம் உண்டா இல்லையா?

எந்த வழி என்று முடிவெடுத்தது

வேலைநிறுத்தம் பற்றிப் பேச்சு வந்தது, எடுபடவில்லை. பிப்ரவரி கடைசியில் பழம் எல்லாம் களத்தில் காய்ந்து மூட்டையாகிவிடும். அப்போது வேலையை நிறுத்தினால் தோட்டத்துக்கு நஷ்டம் என்று எதுவும் இல்லை. டிசம்பரில் செடியில் பழம் சிவந்து நிற்கும்போது என்றால் கதை வேறு. இது வெளியே சொன்ன காரணம். சொல்லாத காரணம், டெம்பரவரிப் பெண்கள் ஏழு பேருக்காக நிரந்தர ஆட்கள் கூலியை விட்டு நிற்கத் தயாராக இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது.

24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி போகலாமா என்றும் பார்த்தோம். வயது முடிந்துவிட்ட இவர்களுக்குத் திரும்ப வேலை வேண்டாம், பணம்தான் வேண்டும். ஆகவே 1972-ஆம் ஆண்டு கிராஜுவிட்டி சட்டம் ஒன்றே மிஞ்சியது. முதலில் தோட்டத்துக்கு விண்ணப்பம். பதில் இல்லை என்றானதும் சேலத்தில் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஏழு தனித்தனி மனுக்கள்.

என்ன தொகை என்று தெரிய ஒரு கணக்கு. நாள் கூலி 400 ரூபாய், சர்வீஸ் 22 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15 நாள் என்றால் 1,32,000 ரூபாய். பருவகால ஆள் என்று முடிவானால் 7 நாள் கணக்கில் 61,600. பாதிகூட இல்லை.

நிர்வாகத்தின் பதில்

நிர்வாகம் மூன்று விஷயம் சொன்னது. காப்பி பருவப் பயிர், இவர்கள் பழம் பறிக்க மட்டும் வந்தவர்கள். கூலிப் பதிவேடு கடைசி மூன்று ஆண்டுக்குத்தான் இருக்கிறது, அதற்கு மேல் வைத்திருக்கக் கட்டாயமில்லை. மூன்றாவதுதான் எங்களை உட்கார வைத்தது: சங்கமே கையெழுத்துப் போட்ட பழைய கூலி ஒப்பந்தத்தின் நகல். அதில் ஒரு ஷரத்தில் டெம்பரவரி ஆட்களைப் 'பருவகாலத் தொழிலாளர்கள்' என்று குறிப்பிட்டிருந்தது.

அந்த நகலை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், லைன் வாசலில் உட்கார்ந்து பெண்களிடம் படித்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கிராமத்திலிருந்து வரும் அக்கா செயலாளரைப் பார்த்து, "இது உங்க கையெழுத்துதானுங்களே?" என்றார். செயலாளர் மறைக்கவில்லை. அந்த வருஷம் கூலி உயர்வு இழுபறியாக இருந்தது, வாசகத்தை டைப் அடித்தது நிர்வாகம், டெம்பரவரிகளுக்கும் அதே கூலி கிடைத்தால் போதும் என்று விட்டுவிட்டோம் என்றார். உண்மைதான். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தர் பக்கத்தில் இருந்து, ஒப்பந்தத்தைத் தமிழில் உரக்கப் படித்திருந்தால், அந்த இடத்தில் கை தட்டி நிறுத்தியிருப்பார் என்பதும் உண்மை.

சட்டத்தில் இதற்கு விடை இருந்தது. பருவகாலம் என்பது நிறுவனத்துக்குத்தான் பொருந்தும். வருஷம் முழுக்க வேலை நடக்கும் தோட்டம் பருவகால நிறுவனம் ஆகாது. கிராஜுவிட்டி சட்டத்துக்கு முரணான ஒப்பந்தமோ பத்திரமோ செல்லாது என்று அதன் 14-ஆம் பிரிவு சொல்கிறது. 'பாக்கி இல்லை' தாளுக்கும் அதுவே பதில். ஆனால் இவர்கள் வருஷம் முழுக்க வேலை செய்தார்கள் என்பதைக் காட்ட வேண்டுமே. செக்ரோலில் பேர் இல்லை, பி.எஃப். இல்லை, சம்பளச் சீட்டும் கிடையாது.

அடிக்கட்டைகள்

சந்தா வாங்கிய கவாத்துக்காரர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை அவர் எறியவில்லை. யூரியா சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வைத்திருந்தார். கணக்கு கேட்டால் காட்ட வேண்டுமே என்ற பயம்தான் காரணம். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். சில புத்தகங்களைக் கரையான் தின்றிருந்தது.

மற்றவற்றில் பேர், மாதம், தொகை, லைன் நம்பர், அவருடைய கையெழுத்து. அதோடு ஓரத்தில் பென்சிலில் ஒரு சொல்: 'களை, மேல்காடு', 'கவாத்து', 'மிளகு', 'பழம்', 'உரம்'. தூரத்துக் காட்டில் வேலை செய்பவர்கள் சம்பளத்துக்கு இருட்டிய பிறகே வருவார்கள்; யாருக்காகக் காத்திருக்க வேண்டும், யாரை மறுநாள் தேடிப் போக வேண்டும் என்று தெரிவதற்காக அவர் தனக்கென்று எழுதிவைத்த குறிப்பு அது. ஜூலையில் களை, மார்ச்சில் கவாத்து, மேயில் உரம். பழம் பறிக்க மட்டும் வந்தவர்கள் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல மறுப்பு எங்களிடம் இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. சங்கமே அச்சடித்த ரசீது, நேற்று உட்கார்ந்துகூட எழுதலாம் என்றார். நியாயமான கேள்வி. புத்தகங்களில் அச்சிட்ட வரிசை எண் இருந்தது. இந்தப் பெண்களின் ரசீதுக்கு முன்னும் பின்னும் நிரந்தர ஆட்களின் ரசீது. அந்த நிரந்தர ஆட்கள் அந்தந்த மாதம் வேலையில் இருந்ததைத் தோட்டத்தின் பி.எஃப். கணக்கே காட்டியது. நடுவில் உள்ள தாளை மட்டும் பொய் என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது. மாதம் ஒரு ரசீது, ஓராண்டு சர்வீஸ் என்று கணக்கிடத் தேவையான 240 நாள் வேலையை நிரூபிக்காது. ஆனால் எல்லா மாதமும் ஆள் தோட்டத்தில் இருந்தார் என்று காட்டியது. அதற்கு மேல் பதிவேட்டைக் கொண்டுவர வேண்டியது நிர்வாகம் என்றோம்.

சந்தா நிறுத்தியவருக்குத்தான் சிக்கல். அவர் தோட்டத்துக்கு வராமல் இல்லை, வந்தார். கூட வேலை பார்த்தவர்கள் சாட்சியும் சொன்னார்கள். காகிதத்தில் ஆறு ஆண்டு வெற்றாக இருந்தது.

விசாரணைக் காலம்

வாய்தா மேல் வாய்தா. நடுவில் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாமே நின்றது. ஒவ்வொரு தேதிக்கும் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும். வேறு சிறு தோட்டங்களில் கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கிராமத்துப் பெண்கள் இருவரும் ஒரு தேதிகூடத் தவறவில்லை. லைனில் இருந்தவர்கள் தயங்கினார்கள். "கேஸ் போட்டிருக்கிறியே, இருக்கிற வீடு யாருது?" என்று மேஸ்திரி கேட்டாராம். மகனோ மருமகளோ தோட்டத்தில் வேலை செய்வதால்தான் அந்த வீட்டில் இருக்கிறார்கள். யார் தைரியசாலி, யார் பயந்தவர் என்று நாம் பேசுவதெல்லாம் பல நேரங்களில் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

உத்தரவும் பேரமும்

2021-இல் உத்தரவு வந்தது. தோட்டம் பருவகால நிறுவனம் இல்லை. 15 நாள் கணக்கே பொருந்தும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி. எல்லாம் எங்கள் பக்கம் வரவில்லை. பறிப்புக் காலக் கிலோ கூலியின் மூன்று மாதச் சராசரியை அடிப்படையாக எடுக்கச் சொல்லியிருந்தோம், அதிகாரி சாதாரண நாள் கூலியையே எடுத்தார். சந்தா நிறுத்தியவரின் ஆறு ஆண்டும் கணக்கில் சேரவில்லை.

அவரிடம் இதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவர் அழவில்லை. "கட்டாம விட்டது நான்தான். ஆனா ஏன் கட்டலைன்னு ஒருத்தரும் வந்து கேக்கலையே தம்பி" என்றார்.

மேல்முறையீட்டுக்கு 60 நாள். ஆனால் உத்தரவுத் தொகை முழுவதையும் கட்டினால்தான் நிர்வாகத்தின் மேல்முறையீடு ஏற்கப்படும். தொழிலாளிக்கு இந்தச் சட்டத்தில் உள்ள பெரிய பிடி இதுதான். தோட்டத்திலிருந்து பேச்சுக்கு ஆள் வந்தது. அசல் முழுவதும் இரண்டு காசோலையாகத் தருகிறோம், வட்டியை விட்டுவிடுங்கள், லைன் வீடுகளைக் காலி செய்யச் சொல்ல மாட்டோம் என்றார்கள்.

வட்டியை விட வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. தராவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். அதற்கும் காலம் ஆகும். ஒருவருக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிச் செலவு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து பேருக்கு வீடு. மூன்று பேர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு கூட்டம் நடந்தது. கடைசியில் ஏழு பேரும் சம்மதித்தார்கள்.

அந்த முடிவு தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து பேரின் வீட்டுக்காகக் கிராமத்துப் பெண்கள் இருவரும் தங்கள் வட்டியை விட்டார்கள். அவர்களுக்கு இந்தப் பேரத்தில் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு மட்டும் தனியாகப் பேசியிருக்கலாம். மனுக்கள் தனித்தனிதானே.

அதன் பின்

காசோலை மாறியதும் சங்கம் ஆளுக்கு ஐந்து சதவீதம் வளர்ச்சி நிதி கேட்டது. சங்க விதியில் அப்படி எதுவும் இல்லை. நான்கு பேர் கொடுத்தார்கள், இருவர் ஆயிரம் ரூபாயோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒப்பந்தத்தைப் பார்த்துக் கேள்வி கேட்ட அக்கா ஒரு பைசா தரவில்லை. இந்தப் பக்கம் இனி வராதீர்கள் என்றும் சொல்லிவிட்டார்.

டெம்பரவரி ஆட்கள் பலர் புதிதாகச் சந்தா கட்ட ஆரம்பித்தார்கள். தோட்டமும் சும்மா இருக்கவில்லை. அடுத்த பறிப்புக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வெளிமாநில ஆட்களை இறக்கியது. டெம்பரவரி நோட்டில் புதுப் பேர் சேருவது நின்றுபோனது.

மாறியதும் மாற வேண்டியதும்

ரசீதில் 'இந்த மாதம் செய்த வேலை' என்று இப்போது ஒரு கட்டம் அச்சிடுகிறார்கள். அடிக்கட்டைகள் ஆண்டுக்கொரு முறை சேலம் அலுவலகத்துக்கு வர வேண்டும், போட்டோவும் எடுத்து வைக்க வேண்டும் என்று முடிவு. சந்தா ரசீதைச் சாட்சியமாக நம்பி இருப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அது அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. டெம்பரவரிகளுக்கும் மாதாமாதம் சம்பளச் சீட்டு என்பதைக் கூலி உயர்வுக்கும் முன்னால் வைத்துக் கேட்க வேண்டும். போனஸ் பேச்சில் ஒரு சதவீதத்தை விட்டுக்கொடுத்தாவது அதை வாங்கியிருக்கலாம் என்று கமிட்டியிலேயே சிலர் சொல்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தோட்டத்தில் வைத்துத் தமிழில் முழுக்கப் படிப்பது என்ற முடிவு ஒருமுறை நடைமுறைக்கு வந்தது. கமிட்டியில் டெம்பரவரிப் பெண்கள் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு சேலத்தில் வைத்தால் அவர்கள் எப்படி வருவார்கள் என்பதை இன்னும் யாரும் யோசிக்கவில்லை. வெளிமாநில ஆட்களிடம் போய்ப் பேச இந்தி தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தா மூன்று மாதம் தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு ஒருவர் நேரில் போய் என்ன காரணம் என்று கேட்டு எழுதிவர வேண்டும் என்று நான் சொன்னேன். பாக்கியை வசூலிக்கப் போகும் ஆளே அதையும் கேட்கட்டும் என்றார்கள். அப்படிக் கேட்டால் உண்மையான பதில் வராது.

தொழிற்சங்கச் சட்டம் 1926-இன் 20-ஆம் பிரிவுப்படி எந்த உறுப்பினரும் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம். இந்த வழக்குக்குப் பிறகு அப்படிக் கேட்டு முதன்முதலில் வந்தவர் அந்தப் பெண்களில் ஒருவரின் மகள்; அவரும் இப்போது உறுப்பினர். ஐந்து சதவீதமாக வாங்கிய தொகை எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டார். நன்கொடை என்று காட்டினார்கள். அப்படியானால் கட்டாயம் என்று ஏன் சொன்னீர்கள் என்றார். பொதுக்குழுவில் வைத்துப் பேசலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். பொதுக்குழு இன்னும் கூடவில்லை.